பழைய கம்ப்யூட்டரில் இருந்தது அப்படியே புதியதிலும் இருக்க என்ன செய்ய வேண்டும்?

திண்டுக்கல்லில் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் பக்கத்துத் தெருவில் என் அத்தை ஒரு டைப்பிங் கடை வைத்திருக்கிறார். கிரையப் பத்திரம், வாடகை ஒப்பந்தம், தாசில்தாருக்கு மனு என்று நாள் முழுக்க டைப் அடிக்கிற இடம். அங்கே பத்து வருடத்துக்கு மேல் உழைத்த கம்ப்யூட்டரில் விண்டோஸ் 10 ஓடிக்கொண்டிருந்தது. அதற்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. சரி, விண்டோஸ் 11க்கு மாற்றலாம் என்று பார்த்தால் அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும், இன்டெல் ப்ராசஸர் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும், அத்தையின் கம்ப்யூட்டரில் இரண்டுமே இல்லை. புதிதாக வாங்குவதைத் தவிர வழியில்லை. "வாங்கலாம்டா, ஆனா திங்கக்கிழமை கடை திறந்தா பழசுல இருந்த மாதிரியே எல்லாம் இருக்கணும்" என்று ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

அந்த "இருந்த மாதிரியே" என்பதற்காகச் சனிக்கிழமை மதியம் உட்கார்ந்தவன் ஞாயிற்றுக்கிழமை ராத்திரிதான் எழுந்தேன். ஃபைல்களை காப்பி செய்தது அதில் மூன்று மணி நேரம்கூட இல்லை, மீதி நேரம் முழுக்க மென்பொருள்களுக்கும் செட்டிங்ஸுக்கும்தான் போனது. உங்களுக்கு அவ்வளவு நேரம் பிடிக்கக் கூடாது என்பதற்காக நான் செய்த வரிசையை இங்கே எழுதுகிறேன். விண்டோஸிலிருந்து விண்டோஸுக்கு மாறுகிறவர்களுக்குத்தான் இது முழுதாகப் பொருந்தும்.

எதை எடுத்துப் போக முடியும், எதை முடியாது

நிறையப் பேர் சி டிரைவில் இருக்கும் ப்ரோக்ராம் ஃபைல்ஸ் ஃபோல்டரை அப்படியே ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, புதிய கம்ப்யூட்டரில் இறக்கிவிட்டு, ஐகானை டபுள் கிளிக் செய்து பார்த்து ஏமாந்துபோகிறார்கள். ஒரு மென்பொருளை இன்ஸ்டால் செய்யும்போது அது அந்த ஒரு ஃபோல்டரில் மட்டும் போய் உட்காருவதில்லை. விண்டோஸின் ரெஜிஸ்ட்ரி என்ற உள் பதிவேட்டில் தன்னைப் பற்றிய பதிவுகளை எழுதுகிறது, சிஸ்டம் ஃபோல்டரிலும் பொது ஃபோல்டரிலும் சில துணை ஃபைல்களை வைக்கிறது, லைசென்ஸை அந்தக் கம்ப்யூட்டரின் அடையாளத்தோடு முடிச்சுப் போடுகிறது. ஃபோல்டரை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தால் இவை எதுவும் கூட வராது. போர்ட்டபிள் என்று சொல்லி விற்கிற, அல்லது இலவசமாகத் தருகிற சில சின்ன மென்பொருள்கள் மட்டும் இதற்கு விதிவிலக்கு.

அதனால் மென்பொருளைப் புதிதாகத்தான் இன்ஸ்டால் செய்ய வேண்டும், அதில் நீங்கள் வருடக்கணக்காகச் சேர்த்து வைத்த உங்கள் பழக்கங்களை, அதாவது டெம்ப்ளேட், புக்மார்க், அகராதியில் சேர்த்த சொல், மெயில், ஃபான்ட், இவற்றைத் தனியாக எடுத்துப்போய்ப் பழைய இடத்திலேயே வைக்க வேண்டும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்துவிட்டால் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

பிசிமூவர் போன்ற கட்டண மென்பொருள்கள் ப்ரோக்ராமையும் சேர்த்தே கொண்டுபோகும். சில நேரம் நன்றாகவே வேலை செய்யும், ஆனால் பத்து வருடக் குப்பையும் சேர்ந்தே வந்துவிடும் என்பதால் நான் அதைத் தொடவில்லை. விண்டோஸிலேயே விண்டோஸ் பேக்கப் என்று ஒன்று இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் நுழைந்து அதை ஓட்டினால் வைஃபை பாஸ்வேர்டு, சில செட்டிங்ஸ், எந்தெந்த ஆப் இருந்தன என்ற பட்டியல் எல்லாம் புதிய கம்ப்யூட்டரை முதலில் ஆன் செய்யும்போது திரும்பி வரும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் கிடைக்கிற ஆப்களை அங்கிருந்தே எளிதாகத் திரும்பப் போட்டுவிடலாம். வேறு இடத்திலிருந்து இறக்கிப் போட்ட மென்பொருள்களுக்கு ஸ்டார்ட் மெனுவில் ஐகான் மட்டும்தான் வரும், அவற்றை நீங்கள்தான் போட வேண்டும். நம் ஊர்க் கடைகளிலும் அலுவலகங்களிலும் ஓடுகிற முக்கியமான மென்பொருள்கள் எல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. அப்புறம் ஃபைல்களுக்கு மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவில் இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபிதான்.

பழைய கம்ப்யூட்டரில் உட்கார்ந்து செய்ய வேண்டியவை

அவசரப்படாமல் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதியைத் திறந்தால் இன்ஸ்டால் ஆகியிருக்கும் எல்லாமே வரிசையாக வரும். அதை மொபைலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், போதும். கொஞ்சம் தெரிந்தவர்கள் கமாண்ட் பிராம்ப்ட்டில் விங்கெட் என்ற கருவியை எக்ஸ்போர்ட் கட்டளையோடு ஓட்டினால் பட்டியல் ஒரு ஃபைலாகவே கிடைக்கும், அந்த ஃபைலைப் புதியதில் இம்போர்ட் செய்தால் விஎல்சி, ஃபயர்ஃபாக்ஸ், செவன் ஜிப் மாதிரி விங்கெட்டுக்குத் தெரிந்தவை எல்லாம் வரிசையாகத் தாமே இன்ஸ்டால் ஆகும். விங்கெட்டுக்குத் தெரியாதவை நிறைய இருக்கும், அதற்கு அந்தப் போட்டோ வேண்டும்.

பட்டியலைப் பார்க்கும்போதே ஒவ்வொன்றுக்கும் இன்ஸ்டாலர் எங்கே இருக்கிறது, லைசென்ஸ் எண் எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பழைய மெயிலில் தேடுங்கள், பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். அத்தை கடையில் ஒரு சிடி கவர் கால்குலேட்டருக்கு அடியில்தான் இருந்தது.

லைசென்ஸ் விஷயத்தில் ஒன்றைக் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும். சில மென்பொருள்களில் பழைய கம்ப்யூட்டரில் லைசென்ஸை விடுவித்த பிறகுதான் புதியதில் போட முடியும். கணக்கு மென்பொருளான டாலியில் இதற்கு சரண்டர் என்று பெயர், லைசென்ஸ் மெனுவிலேயே இருக்கும். அடோபி மென்பொருள்களில் ஹெல்ப் மெனுவில் சைன் அவுட் செய்ய வேண்டும். கம்ப்யூட்டர் இன்னும் உயிரோடு, நெட் கனெக்‌ஷனோடு இருக்கும்போது இதைச் செய்வது ஒரு நிமிட வேலை. அது செத்த பிறகு என்றால் கஸ்டமர் கேருக்கு போன் போட்டு நிற்க வேண்டியிருக்கும். ஆனால் டேட்டாவை பேக்கப் எடுத்து முடித்த பிறகு, கடைசி வேலையாக இதைச் செய்யுங்கள்.

மைக்ரோசாஃப்ட் 365 சந்தா என்றால் ஒரே நேரத்தில் 5 கருவிகள் வரை சைன் இன் செய்யலாம், கவலையில்லை. ஒரே தடவை பணம் கட்டி வாங்கிய ஆபீஸ் என்றால் அது எந்த மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் பதிந்திருக்கிறது என்று இப்போதே கண்டுபிடியுங்கள். கம்ப்யூட்டரோடு சேர்ந்து வந்த ஆபீஸும் விண்டோஸும் பொதுவாக அந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான், அவற்றைப் புதியதுக்கு மாற்ற முடியாது.

அப்புறம் மொபைலில் போட்டோ எடுக்க வேண்டிய இன்னும் சில திரைகள் இருக்கின்றன. பிரின்டரின் ப்ராபர்ட்டீஸ், அதில் பேப்பர் அளவு. வைஃபை பெயரும் பாஸ்வேர்டும். மெயில் அக்கவுன்ட்டின் சர்வர் விவரங்கள். டாஸ்க்பாரில் எந்த ஐகான் எந்த இடத்தில் என்பதும்தான், அத்தை மாதிரி கண் பார்க்காமலேயே கை போகிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

காப்பி எடுப்பது

எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்தான் நல்லது. பென் டிரைவ் என்றால் அது எந்த முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கிறது என்று பாருங்கள். ஃபேட்32 என்றிருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே ஃபைலை அது ஏற்காது, இடம் எவ்வளவு காலியாக இருந்தாலும் ஏற்காது. அவுட்லுக்கின் மெயில் ஃபைல் அநேகமாக அங்கேதான் முட்டிக்கொண்டு நிற்கும். எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் என்று ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள். கேபிளை நீல நிறம் உள்ள யூஎஸ்பி துளையில் செருகுங்கள், அது யூஎஸ்பி 3. பழைய யூஎஸ்பி 2 துளையில் 200 ஜிபி காப்பி ஆக ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பிடிக்கும்.

டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் இவற்றை எல்லோரும் எடுத்துவிடுவார்கள். விட்டுப்போவது வேறு இடங்களில். டி டிரைவில் தனி ஃபோல்டர் இருக்கலாம். சி டிரைவைத் திறந்தவுடன் நேராகவே சில மென்பொருள்கள் தங்கள் ஃபோல்டரை வைத்திருக்கும், டாலியின் பழைய பதிப்பு அப்படித்தான். டாலி பிரைம் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் பப்ளிக் என்பதன் உள்ளே டேட்டாவை வைக்கும், அங்கே ஒவ்வொரு கம்பெனிக்கும் 10000 என்று தொடங்குகிற மாதிரி ஓர் எண்தான் ஃபோல்டர் பெயராக இருக்கும், அதைப் பார்த்து ஏதோ குப்பை என்று விட்டுவிடாதீர்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது ஆப்டேட்டா என்ற ஃபோல்டர். உங்கள் யூசர் பெயருள்ள ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும், வியூ மெனுவில் ஹிடன் ஐட்டம்ஸ் என்பதை டிக் செய்தால்தான் தெரியும். ரோமிங், லோக்கல், லோக்கல்லோ என்று அதற்குள் மூன்று. நீங்கள் ஒரு மென்பொருளைப் பழக்கிய பழக்கமெல்லாம் பெரும்பாலும் ரோமிங்கில்தான் இருக்கும். ஆப்டேட்டா முழுவதையும் ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வையுங்கள், ஆனால் புதிய கம்ப்யூட்டரின் ஆப்டேட்டா மேல் அதை மொத்தமாகக் கொட்டாதீர்கள். தேவைப்படுகிற ஃபோல்டரை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்து வைக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் புதிய விண்டோஸின் சொந்த ஃபைல்களும் பழைய ஃபைல்களும் ஒன்றோடொன்று கலந்து, எது எதனால் கெட்டது என்றே தெரியாமல் போகும்.

இங்கே இரண்டு எச்சரிக்கை. ஒன்று, ஒன்டிரைவ் ஆன் ஆகியிருந்தால் உங்கள் டெஸ்க்டாப்பும் டாகுமென்ட்ஸும் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் நகர்ந்திருக்கும், அதில் மேகப் படம் போட்ட ஃபைல்கள் கம்ப்யூட்டரில் உண்மையில் இல்லை, பெயர் மட்டும்தான் இருக்கிறது. ரைட் கிளிக் செய்து எப்போதும் இந்தக் கருவியில் வைத்திரு என்பதைக் கொடுத்து, பச்சை டிக் வந்த பிறகு காப்பி எடுங்கள். இரண்டு, பழைய டிஸ்க்கைக் கழற்றி யூஎஸ்பி உறையில் போட்டுப் படிக்கலாம் என்று நினைப்பவர்கள் டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற பிட்லாக்கர் ஆன் ஆகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆன் ஆகியிருந்தால் 48 இலக்க ரெகவரி கீ இல்லாமல் அந்த டிஸ்க் திறக்காது. மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் வைத்திருந்தால் கீ பெரும்பாலும் அங்கே சேமிப்பில் இருக்கும். எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள். புதிய கம்ப்யூட்டருக்கும் அதே மாதிரி எழுதி வையுங்கள், விண்டோஸ் 11 பல லேப்டாப்களில் நம்மைக் கேட்காமலே டிஸ்க்கை என்கிரிப்ட் செய்துவிடுகிறது.

எழுத்துரு: நமக்கென்றே இருக்கிற சிக்கல்

புதிய கம்ப்யூட்டரில் விண்டோஸ் அப்டேட் எல்லாம் முடித்து, ஆபீஸ் போட்டு, டி டிரைவ் ஃபைல்களை இறக்கி, அத்தையை உட்கார வைத்தேன். போன வாரம் அடித்த ஒரு கிரையப் பத்திரத்தைத் திறந்தார். "டேய், என்னடா இது, எழுத்தெல்லாம் இங்கிலீஷா வருது?"

பாமினி ஃபான்ட்டில் அடித்த பத்திரம் அது. பாமினியில் வணக்கம் என்று அடித்தால் உண்மையில் ஃபைலுக்குள் சேமிக்கப்படுவது டி, இசட், எஃப், அரைப்புள்ளி, எஃப், கே, அரைப்புள்ளி. டி என்ற இடத்தில் வ என்ற வடிவத்தையும், அரைப்புள்ளி இருக்கும் இடத்தில் மெய்யெழுத்தின் புள்ளியையும் அந்த ஃபான்ட் வரைந்து காட்டுவதால்தான் நமக்குத் தமிழாகத் தெரிகிறது. ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் அதே ஃபைல் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாக நிற்கும். வானவில் மாதிரியான மற்ற பழைய ஃபான்ட்களுக்கும் இதே கதைதான், ஒவ்வொன்றுக்கும் குறியீடு மட்டும் வேறு. ஃபைல் கெட்டுப்போகவில்லை, பயப்பட வேண்டாம், ஃபான்ட்டைப் போட்டவுடன் சரியாகிவிடும். ஆனால் இது தெரியாமல் ஃபைல் கரப்ட் ஆகிவிட்டது என்று அழித்தவர்களை எனக்குத் தெரியும்.

பழைய கம்ப்யூட்டரில் சி டிரைவ், விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்று போனால் எல்லா ஃபான்ட்டும் இருக்கும். விண்டோஸோடு வந்தவற்றை விட்டுவிட்டு, நீங்கள் போட்டவற்றைத் தேர்ந்தெடுத்து ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுங்கள். 2018க்குப் பிறகு வந்த விண்டோஸ் 10 பதிப்புகளில் இன்னோர் இடமும் உண்டு: ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ். ரைட் கிளிக் செய்து வெறுமனே இன்ஸ்டால் கொடுத்தவை அங்கேதான் போய்ச் சேரும். இரண்டு இடத்திலும் பாருங்கள்.

புதியதில் போடும்போது எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ரைட் கிளிக் செய்து, எல்லா யூசர்களுக்கும் இன்ஸ்டால் செய் என்பதைக் கொடுங்கள். விண்டோஸ் 11இல் மெனுவின் அடியில் ஷோ மோர் ஆப்ஷன்ஸ் என்பதைத் தொட வேண்டியிருக்கலாம். ஒரு யூசருக்கு மட்டும் போட்ட ஃபான்ட்டைச் சில பழைய மென்பொருள்கள் கண்டுகொள்வதில்லை.

கீபோர்டும் அப்படித்தான். என்ஹெச்எம் ரைட்டர், இ-கலப்பை, அழகி, இதில் எதை வைத்து அடிக்கிறீர்களோ அதைத் திரும்பப் போட்டு, எந்த விசையில் தமிழுக்கு மாறுவீர்களோ அதே விசையை அமையுங்கள். பொதுக் குறியீடான யூனிகோடில் தமிழ்99 முறையில் அடிப்பவர்களுக்கு விண்டோஸ் 11இலேயே அந்தக் கீபோர்டு இருக்கிறது, மொழி செட்டிங்ஸில் தமிழைச் சேர்த்து, அதற்குள் கீபோர்டைச் சேர்த்தால் போதும். முன்னிருப்பாக வருகிற வேறு தமிழ்க் கீபோர்டை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் அழுத்தி மாற்றும்போதெல்லாம் அது குறுக்கே வரும்.

ஒரு கருத்து. கம்ப்யூட்டர் மாற்றுகிற இதே நேரத்தில் பழைய பாமினி ஃபைல்களை எல்லாம் யூனிகோடுக்கு மாற்றிவிடலாம் என்று தோன்றும். மாற்ற வேண்டும்தான், என்ஹெச்எம் கன்வர்ட்டர் மாதிரி அதற்குக் கருவிகளும் உண்டு, ஆனால் இப்போது வேண்டாம். ஒரே நாளில் இரண்டையும் மாற்றினால் எங்கே தப்பு நடந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. புதியதில் ஒரு மாதம் நிம்மதியாக வேலை நடக்கட்டும், அப்புறம் செய்யலாம்.

வேர்டுக்குள் ஒளிந்திருக்கிற பத்து வருட உழைப்பு

அடுத்த பிரச்சினையை வெள்ளைத்தாளில் பிரின்ட் எடுத்துப் பார்த்ததால் கண்டுபிடித்தோம், முத்திரைத்தாளில் நேராக எடுத்திருந்தால் தாளுக்குக் கொடுத்த பணம் போயிருக்கும். முத்திரைத்தாளின் மேல் பகுதியில் அரசு அச்சு இருக்கும், எழுத்து அதற்குக் கீழேதான் தொடங்க வேண்டும். அத்தை புதிய ஃபைல் திறந்தாலே லீகல் அளவுத் தாளும், மேலே பெரிய இடைவெளியும் தானாக வரும்படி எப்போதோ யாரோ அமைத்துக் கொடுத்திருக்கிறார்கள். புதிய கம்ப்யூட்டரில் திறந்த புதிய ஃபைலில் அது இல்லை, எழுத்து மேலேயிருந்தே தொடங்கியது.

அதோடு இன்னொன்றும் இல்லை. அத்தை இரண்டு எழுத்தை அடித்து எஃப்3 விசையைத் தட்டினால் "இதற்கு நான்கெல்லை விபரம்" என்று தொடங்கி வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, கிழமேல் அடி, தென்வடல் அடி என்று கோடிட்ட இடங்களோடு ஒரு பத்தியே வந்து விழும். வில்லங்கம் இல்லை என்ற உறுதிமொழிக்கு ஒன்று, சாட்சிகள் பகுதிக்கு ஒன்று என்று முப்பதுக்கு மேல் வைத்திருந்தார். இவை ஆட்டோ டெக்ஸ்ட். எஃப்3யைத் தட்டித் தட்டிப் பார்த்தார், ஒன்றும் வரவில்லை. அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது, முப்பது பத்தியையும் திரும்ப அடிப்பது சிரமம் என்பதற்காக மட்டும் இல்லை, அதில் ஒவ்வொரு வார்த்தையும் எந்த அதிகாரி எதைக் கேட்டுத் திருப்பி அனுப்பினார் என்று அனுபவத்தில் திருத்தித் திருத்தி வைத்தது.

இந்தப் பக்க அமைப்பு, இயல்பான ஃபான்ட், ஆட்டோ டெக்ஸ்ட் எல்லாமே ஒரே ஒரு ஃபைலில் இருக்கின்றன. ஆப்டேட்டா, ரோமிங், மைக்ரோசாஃப்ட், டெம்ப்ளேட்ஸ் என்று போனால் நார்மல் என்ற பெயரில், டிஓடிஎம் என்று முடிகிற ஃபைல். புதிய கம்ப்யூட்டரில் வேர்டை மூடிவிட்டு, அங்கே இருக்கும் நார்மல் ஃபைலின் பெயரை மாற்றி ஓரமாக வைத்துவிட்டு, பழையதை அதே இடத்தில் போடுங்கள். வேர்டைத் திறந்து பாருங்கள். எஃப்3 தட்டியதும் நான்கெல்லை வந்து விழுந்தது, அத்தை உடனே போய் இரண்டு டீ சொல்லிவிட்டு வந்தார்.

அகராதியில் சேர்த்த சொற்கள் பக்கத்திலேயே யூப்ரூஃப் என்ற ஃபோல்டரில் இருக்கும். ஆட்டோ கரெக்ட்டில் சேர்த்தவை ஆபீஸ் என்ற ஃபோல்டரில் ஏசிஎல் என்று முடிகிற ஃபைல்களாக இருக்கும். இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபோல்டர் பெயர்களையும் டிரைவ் எழுத்தையும் பழையபடியே வையுங்கள். மெயில் மெர்ஜ் செய்கிறவர்கள், ஓர் எக்செல் ஃபைலிலிருந்து இன்னொன்றுக்கு இணைப்பு கொடுத்தவர்கள் எல்லோருக்கும் டி டிரைவில் இருந்த ஃபைல் டி டிரைவிலேயே இருந்தால்தான் அந்த இணைப்புகள் அறுந்துபோகாது. புதிய கம்ப்யூட்டரில் பெரும்பாலும் சி டிரைவ் ஒன்றுதான் இருக்கும், டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய் அதைச் சுருக்கி டி என்று ஒரு பகுதியை நீங்களே உருவாக்கலாம்.

பிரவுசர், மெயில்

குரோமில் கூகுள் அக்கவுன்ட்டோடு சிங்க் ஆன் செய்திருந்தால் புதியதில் சைன் இன் செய்தவுடன் புக்மார்க், பாஸ்வேர்டு, எக்ஸ்டென்ஷன் எல்லாம் வந்துவிடும். சிங்க் பிடிக்காதவர்கள் குரோமின் ஃபோல்டரை காப்பி செய்து கொண்டுபோய்ப் பாஸ்வேர்டுகளைத் தேடாதீர்கள், அவை அந்தக் கம்ப்யூட்டரின் விண்டோஸ் யூசரோடு சேர்த்துப் பூட்டப்பட்டிருப்பதால் வேறு கம்ப்யூட்டரில் திறக்காது. பாஸ்வேர்டு மேனேஜரில் எக்ஸ்போர்ட் கொடுத்தால் சிஎஸ்வி ஃபைலாக வரும், அதைப் புதியதில் இம்போர்ட் செய்த கையோடு அழித்துவிடுங்கள், ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். அந்த ஃபைலைத் திறக்கிற எவருக்கும் பேங்க் பாஸ்வேர்டு உட்பட அத்தனையும் வெட்டவெளிச்சமாகத் தெரியும்.

ஃபயர்ஃபாக்ஸிலும் தண்டர்பேர்டிலும் இந்தத் தொல்லை இல்லை. ப்ரொஃபைல் ஃபோல்டரை அப்படியே எடுத்துக்கொண்டுபோய் வைத்தால் பாஸ்வேர்டு உட்பட எல்லாம் வரும். அவை மூடியிருக்கும்போது காப்பி எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

மெயிலில் முக்கியமான கேள்வி, உங்கள் அக்கவுன்ட் ஐமேப் வகையா, பாப் வகையா என்பது. ஐமேப் என்றால் மெயில் எல்லாம் சர்வரில் இருக்கும், புதியதில் அக்கவுன்ட்டைச் சேர்த்தால் தானே இறங்கிவிடும். பாப் என்றால் சர்வரிலிருந்து இறக்கியதும் அங்கே அழித்துவிடும்படி அமைந்திருக்கலாம், அப்போது உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பதுதான் ஒரே பிரதி. சில வருடம் முன்னால் என் பழைய லேப்டாப்பை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தேன், டாகுமென்ட்ஸ் எல்லாம் எடுத்தாகிவிட்டது என்ற தைரியத்தில். வீட்டுக்கு வந்து மெயிலைத் திறந்தால் காலி. கடைக்குத் திரும்பிப் போவதற்குள் டிஸ்க்கை அழித்து வேறு ஒருவருக்கு விற்றும்விட்டார்கள். ஆறு வருட மெயில், அதில் அப்பா எனக்கு அனுப்பிய கடைசி சில மெயில்களும் போயின. அவுட்லுக்கின் பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் பிஎஸ்டி என்று முடிகிற ஃபைலைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள், பொதுவாக டாகுமென்ட்ஸுக்குள் அவுட்லுக் ஃபைல்ஸ் என்ற ஃபோல்டரில் இருக்கும். ஓஎஸ்டி என்று முடிவது சர்வரில் இருப்பதன் நகல்தான், அது தேவையில்லை.

வாட்ஸப்புக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், மொபைலில் க்யூஆர் ஸ்கேன் செய்து இணைத்தால் போதும்.

மற்றவை

டிஜிட்டல் கையெழுத்து யூஎஸ்பி டோக்கனில் இருந்தால் சாவி டோக்கனுக்குள்ளேயே இருக்கிறது, புதியதில் அதன் டிரைவரையும், நீங்கள் பயன்படுத்துகிற அரசுத் தளம் கேட்கிற துணை மென்பொருளையும் போட்டால் சரி. டோக்கன் இல்லாமல் விண்டோஸுக்குள்ளேயே சர்டிபிகேட்டை ஏற்றி வைத்திருந்தால் பிரைவேட் கீயோடு பிஎஃப்எக்ஸ் ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்துகொள்ளுங்கள்.

பிரின்டர் டிரைவரைப் பழைய சிடியிலிருந்து போடாதீர்கள். மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் தளத்தில் விண்டோஸ் 11க்கானதை இறக்குங்கள். புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று: ஸ்னாப்டிராகன் ப்ராசஸர் போட்ட லேப்டாப்களில் பழைய பிரின்டர், ஸ்கேனர், டோக்கன் இவற்றின் டிரைவர் வேலை செய்யாமல் போக வாய்ப்பு அதிகம். கடை, அலுவலகத்துக்கு இன்டெல் அல்லது ஏஎம்டி என்றே கேட்டு வாங்குங்கள்.

பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரில் வேலை செய்கிறவர்கள் நம் பக்கத்து அச்சகங்களில் இன்னும் நிறைய. 2001இல் வந்த 7.0தான் அதன் கடைசிப் பெரிய பதிப்பு. விண்டோஸ் 11 64 பிட்டில் மட்டுமே வருகிறது, 16 பிட் மென்பொருள்கள் அதில் ஓடவே ஓடாது, 32 பிட்டானவை ஓடலாம், ஓடினாலும் அங்கங்கே முரண்டு பிடிக்கலாம். இப்படி ஒரு மென்பொருளை நம்பிப் பிழைப்பு நடக்கிறதென்றால் அதற்காகவே பழைய கம்ப்யூட்டரை நெட் கனெக்‌ஷன் இல்லாமல் ஓரமாக வைத்துக்கொள்வதுதான் என்னைக் கேட்டால் நல்லது.

மேக்கிலிருந்து மேக்குக்கு மாறுகிறவர்களுக்கு இதில் பாதி வேலை கிடையாது, மைக்ரேஷன் அசிஸ்டென்ட் ஆப்களையும் சேர்த்தே கொண்டுபோய்விடும்.

பழைய கம்ப்யூட்டரை என்ன செய்வது

குறைந்தது ஒரு மாதம் தொடாதீர்கள். மாதக் கடைசிக் கணக்கு, ஜிஎஸ்டி ரிட்டர்ன், மின் கட்டணம் என்று ஒரு மாதச் சுற்று முழுக்கப் புதியதில் ஓடி முடிந்தால்தான் எது விட்டுப்போனது என்று தெரியும். அத்தை கடையில் 18ஆம் நாள்தான் ஸ்கேனர் மென்பொருளில் வைத்திருந்த ஓர் அமைப்பு இல்லை என்று தெரிந்தது, பழையதை ஆன் செய்து பார்த்து அப்படியே அமைத்தேன்.

அதற்குப் பிறகு விற்பதாக இருந்தாலும், யாருக்காவது கொடுப்பதாக இருந்தாலும், எல்லா அக்கவுன்ட்டிலும் சைன் அவுட் செய்து, செட்டிங்ஸில் ரிசெட் பகுதிக்குப் போய், எல்லாவற்றையும் நீக்கு என்பதோடு டேட்டாவைச் சுத்தம் செய் என்பதையும் ஆன் செய்து ஓட்டுங்கள். ஹார்ட் டிஸ்க் என்றால் பல மணி நேரம் ஓடும், ஓடட்டும். வெறும் டெலீட்டோ சாதாரண ஃபார்மேட்டோ போதாது, திரும்ப எடுக்கிற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அத்தை கடை டிஸ்க்கில் நூற்றுக்கணக்கான பேருடைய ஆதார், பான், பத்திர ஸ்கேன்கள் இருந்தன. அதனால் ரிசெட் செய்தும்கூட அந்த டிஸ்க்கை விற்க நான் விடவில்லை. கழற்றி, தேதி எழுதி, ஒரு கவரில் போட்டு அத்தையின் பீரோவில் வைத்துவிட்டு, டிஸ்க் இல்லாமல்தான் கம்ப்யூட்டரைக் கொடுத்தோம்.